ஹோம் தியேட்டர் சப்வூஃபரும் அறையின் பேஸ் ஒலியும்

சப்வூஃபர் என்பது காதுக்குக் கேட்கும் ஒலிகளில் மிகத் தாழ்ந்தவற்றை, ஏறத்தாழ 20 முதல் 120 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களை, எழுப்புவதற்கென்றே செய்யப்பட்ட ஒலிபெருக்கி ஆகும். திரைப்படத்தில் இடி முழக்கம், வெடி, விமான இரைச்சல், பாட்டில் பேஸ் கிட்டாரின் கீழ்த்தந்தி, டிரம்ஸில் காலால் அடிக்கும் பெரிய முரசு ஆகியவை இதன் பொறுப்பு. கடையில் கேட்டபோது நெஞ்சில் மோதிய பேஸ், வீட்டில் மாட்டிய பிறகு ஒரே ‘கும்’மென்ற முழக்கமாகிவிட்டது என்பது இதை வாங்கியவர்கள் பலரும் சொல்லும் குறை. சிலர் வீட்டில் குறை இதற்கு நேர் எதிரானது. எவ்வளவு கூட்டினாலும் பேஸ் வருவதே இல்லை, ஆனால் பக்கத்து அறையில் இருப்பவர் சத்தம் தாங்கவில்லை என்கிறார். இரண்டு குறைகளுக்கும் பொதுவாகத் தேடப்படும் தீர்வு இன்னும் பெரிய சப்வூஃபர். பணம் செலவான பின்னும் குறை அப்படியே இருக்கும், ஓசை மட்டும் கூடியிருக்கும்.

காரணம் எளியது. தாழ்ந்த அதிர்வெண்களில் காதுக்கு வந்து சேர்வது சப்வூஃபர் எழுப்பிய ஒலி மட்டுமன்று. அந்த ஒலியை அறை என்ன செய்ததோ அதுவும் சேர்ந்தே வருகிறது. ஒரே சப்வூஃபர், ஒரே பாட்டு, ஒரே ஒலியளவு என்று வைத்துக்கொண்டு பெட்டியை மூன்றடி நகர்த்தினால், குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் 10 டெசிபெல் வேறுபாடு வருவது சாதாரணம். 10 டெசிபெல் என்பது ஆற்றலில் பத்து மடங்கு. நூறு வாட் பெட்டிக்குப் பதிலாக ஆயிரம் வாட் பெட்டி வாங்கினால் கிடைக்கும் வேறுபாடும் அவ்வளவுதான்.

தாழ்ந்த ஒலியின் இயல்பு

ஒலியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். சுமார் 28 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள அறையில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 348 மீட்டர். அப்படியானால் 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 35 சென்டிமீட்டர் மட்டுமே. 80 ஹெர்ட்ஸில் அது 4.35 மீட்டர், 40 ஹெர்ட்ஸில் 8.7 மீட்டர், 20 ஹெர்ட்ஸில் 17 மீட்டருக்கும் அதிகம். வீட்டில் உள்ள எந்த அறையையும்விட நீளமான அலை இது. பேச்சும் புல்லாங்குழலும் அறைக்குள் ஒளிக்கதிர் போலத் திசை பிடித்துச் செல்கின்றன என்று ஓரளவு சொல்லலாம். பேஸ் அப்படிச் செல்வதில்லை. அது தொட்டியில் தண்ணீர் அலம்புவதைப் போல அறை முழுவதையும் ஒருசேர ஆட்டுகிறது.

காதின் இயல்பும் இதில் உண்டு. 1933இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் வெளியிட்ட சம உரப்பு வளைகோடுகள், தாழ்ந்த ஒலிகளுக்குக் காது மந்தமாக இருப்பதைக் காட்டின. இன்றைய பன்னாட்டுத் தரத்தின்படி 1000 ஹெர்ட்ஸ் ஒலி 2 அல்லது 3 டெசிபெல்லிலேயே கேட்கத் தொடங்கும்; 20 ஹெர்ட்ஸ் ஒலி காதில் விழவே 78 டெசிபெல் அளவு வேண்டும். இதே வளைகோடுகளில் இன்னொரு செய்தியும் உள்ளது. தாழ்ந்த அதிர்வெண்களில் கோடுகள் ஒன்றையொன்று நெருங்கிவிடுகின்றன. அதாவது, கேட்கத் தொடங்கிய பிறகு பேஸில் சில டெசிபெல் ஏற்றம்கூடக் காதுக்குப் பெரிய ஏற்றமாகத் தெரியும். சப்வூஃபரின் குமிழைச் சற்றே திருப்பியதும் ‘கொஞ்சம் போதும்’ என்பது ‘தாங்கவில்லை’ ஆகிவிடுவதற்கு இதுவே காரணம்.

கருவியின் பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே உரப்பில் ஓர் எண்மம் கீழே இறங்க, அதாவது 40 ஹெர்ட்ஸிலிருந்து 20 ஹெர்ட்ஸுக்குச் செல்ல, கூம்பு நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். கையடக்கமான பெட்டி ஒன்று மிகத் தாழ்ந்த பேஸைப் பெரிய ஓசையில் தரும் என்று விளம்பரம் சொன்னால், இந்தக் கணக்கை நினைவில் கொள்வது நல்லது.

அறைக்குள் நிலை அலைகள்

பள்ளி இயற்பியலில் இரு முனைகளும் மூடிய குழாயில் நிலை அலை உருவாவதைப் படிக்கிறோம். எதிரெதிரான இரண்டு சுவர்கள் அப்படிப்பட்ட குழாய்தான். இரு சுவர்களுக்கு இடையேயான தூரம் அரை அலைநீளத்துக்குச் சமமாக இருக்கும் அதிர்வெண்ணில் முதல் ஒத்ததிர்வு தோன்றும். அதன் முழு மடங்குகளில் அடுத்தடுத்தவை தோன்றும். 15 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரமுள்ள அறையை எடுத்துக்கொண்டால், நீளவாக்கில் முதல் ஒத்ததிர்வு சுமார் 38 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 48 ஹெர்ட்ஸ், உயரவாக்கில் 57 ஹெர்ட்ஸ். நீளவாக்கின் இரண்டாவது 76 ஹெர்ட்ஸ். இரண்டு மூன்று திசைகளில் சேர்ந்து எழுபவை இவற்றுக்கு இடையிலும் மேலும் உண்டு. எல்லாமே சப்வூஃபரின் எல்லைக்குள் வருகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்.

பாடநூல்களில் பெரும்பாலும் காற்றுத் துகள்களின் இடப்பெயர்ச்சியை வைத்துக் கணுவும் எதிர்க்கணுவும் விளக்கப்படும். அதன்படி மூடிய முனை கணு. காது உணர்வதோ அழுத்தத்தை. அழுத்தத்தை வைத்துப் பார்த்தால் நிலைமை தலைகீழ். சுவரை ஒட்டிய இடத்தில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். முதல் ஒத்ததிர்வுக்கு அறையின் நட்டநடுவே அழுத்தம் ஏறத்தாழச் சுழியம். மேற்சொன்ன அறையின் நடுவில் நாற்காலி போட்டு அமர்ந்தால் 38 ஹெர்ட்ஸ் ஒலி காணாமல் போகும். எழுந்து பின் சுவரில் சாய்ந்து நின்றால் அதே ஒலி முழங்கும். ஒரே அறையில் ஒருவர் பேஸ் போதவில்லை என்றும் இன்னொருவர் அதிகம் என்றும் சொன்னால் இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

ஒத்ததிர்வுக்கு நேரத்திலும் ஒரு விளைவு உண்டு. ஊஞ்சலைத் தள்ளுவதை நிறுத்திய பின்னும் அது ஆடிக்கொண்டிருப்பதைப் போல, சப்வூஃபர் நின்ற பிறகும் அந்த அதிர்வெண்ணில் அறை சிறிது நேரம் ஒலித்துக்கொண்டே இருக்கும். டிரம்ஸின் ஓர் அடி முடியும் முன் முந்தைய அடியின் மீதி அதன்மேல் படிகிறது. பேஸ் கிட்டார் எந்தச் சுரத்துக்குப் போனாலும் ஒரே சுரமே திரும்பத் திரும்ப வருவதாகத் தோன்றுகிறது. ‘கும்’ என்று மக்கள் சொல்லும் குறை பெரும்பாலும் இதுதான்.

இதில் கட்டுமானத்துக்கும் பங்கு உண்டு. சப்வூஃபர் பற்றிய கையேடுகளும் காணொளிகளும் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருபவை. அங்கே பல வீடுகளின் உட்சுவர்கள் மரச்சட்டத்தின்மேல் அறைந்த ஜிப்சம் பலகைகள். அந்தப் பலகைகள் தாமே சற்று அசைந்து பேஸின் ஒரு பகுதியை விழுங்கியும் வெளியே விட்டும் விடுகின்றன. செங்கல்லில் கட்டிப் பூசிய சுவரும் கான்கிரீட் கூரையும் டைல்ஸ் தரையும் உள்ள நம் ஊர் அறை, பேஸை ஏறக்குறைய முழுவதுமாகத் திருப்பி அனுப்பும். அதனால் இங்கே முகடுகள் உயரமாகவும் பள்ளங்கள் ஆழமாகவும் இருக்கும். முழக்கம் அடங்கவும் நேரமாகும். மறுபுறம், குறைந்த வாட்டிலேயே நிறைய பேஸ் கிடைப்பதும் இத்தகைய அறையில்தான். கூடம், சாப்பாட்டு இடம், சமையலறை மூன்றும் கதவில்லாமல் ஒன்றாகத் திறந்திருக்கும் புதிய வகை வீடுகளில் சப்வூஃபர் நிரப்ப வேண்டிய இடம் அந்த மூன்றும் சேர்ந்தது என்பதால், அங்கே கணக்கு வேறு.

சப்வூஃபரை வைக்கும் இடம்

செலவே இல்லாமல் மிகப் பெரிய மாற்றத்தைத் தருவது இதுதான். ஆனால் வீடுகளில் கடைசியாக யோசிக்கப்படுவதும் இதுவே. தொலைக்காட்சி மேசைக்குப் பக்கத்தில் எங்கே காலியாக இருக்கிறதோ அங்கே பெட்டி போய் உட்கார்ந்துவிடும்.

சுவரோரம் வைத்தால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் நேர் ஒலியோடு சேர்ந்து அழுத்தம் கூடும். தரை, இரு சுவர்கள் என மூன்று பரப்புகள் கூடும் மூலையில் வைத்தால் பேஸ் மிக அதிகமாக வரும். அதே சமயம் மூலை என்பது அறையின் எல்லா ஒத்ததிர்வுகளுக்கும் அழுத்த உச்சம். அங்கிருந்து ஒலித்தால் எல்லா ஒத்ததிர்வுகளும் முழு வேகத்தில் எழும். சிறிய பெட்டிக்கு மூலை துணை செய்யலாம். வலுவான பெட்டியை மூலையில் வைத்தால் முழக்கம்தான் மிஞ்சும். ‘மூலையே சிறந்தது’ என்றோ ‘மூலையே கூடாது’ என்றோ பொதுவிதி சொல்பவர்கள் அந்த அறையைப் பார்க்காமல் சொல்கிறார்கள்.

அறையையே கேட்டுவிட ஒரு வழி இருக்கிறது. சப்வூஃபரைத் தற்காலிகமாக அமரும் நாற்காலியின் மேலோ சோபாவின் மேலோ தூக்கி வைக்க வேண்டும். பேஸ் வரிசை மேலும் கீழும் நடக்கும் ஒரு பாட்டையோ, 30 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான சோதனை ஒலிகளையோ ஓடவிட வேண்டும். பிறகு, பெட்டியை வைக்கச் சாத்தியமான இடங்களில் ஒவ்வொன்றாகக் குனிந்து, காதைத் தரையோரம் கொண்டுபோய்க் கேட்க வேண்டும். எந்த இடத்தில் எல்லாச் சுரங்களும் ஏறக்குறைய ஒரே வலுவில், தெளிவாகக் கேட்கின்றனவோ அதுவே சப்வூஃபருக்கான இடம். ஓசை மிகப் பெரிதாக இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது இதில் பொதுவாக நேரும் பிழை. தேட வேண்டியது சமன்மையை. பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும் இந்தச் சோதனைக்குப் பின்னால் உறுதியான இயற்பியல் இருக்கிறது. ஒலி மூலத்தையும் கேட்பவரையும் இடம் மாற்றினாலும் இருவருக்கும் இடையிலான ஒலிப்பாதையின் தன்மை மாறாது என்ற பரிமாற்றத் தத்துவம் 19ஆம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ், ரேலி ஆகியோரால் நிறுவப்பட்டது.

பெட்டியை நகர்த்த முடியாத வீட்டில் இருக்கையை நகர்த்தலாம், விளைவு ஒன்றே. பின் சுவரை ஒட்டிய சோபாவும் அறையின் நடுவே போட்ட சோபாவும் இரண்டு மோசமான எல்லைகள். பின் சுவரிலிருந்து அறை நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முன்னே, அதாவது 15 அடி அறையில் 5 அடி தள்ளி அமர்ந்தால், நீளவாக்கில் உள்ள முதல் மூன்று ஒத்ததிர்வுகளில் எதற்கும் காது சுழியப் புள்ளியில் விழாது. நடைமுறையில் அத்தனை இடம் எல்லா வீட்டிலும் கிடைப்பதில்லை. சோபாவைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி இழுத்தாலே முழக்கம் குறைவதை உணர முடியும்.

பிரதான ஒலிபெருக்கிகளோடு இணைத்தல்

சப்வூஃபருக்கு ‘5.1’ என்பதில் உள்ள ‘.1’ மட்டுமே செல்கிறது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. தாழ் அதிர்வெண் விளைவுகளுக்கான அந்தத் தனித் தடம் 120 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைச் சுமக்கும். திரையரங்குகளில் பேஸுக்கென்று தனி ஏற்பாடு செய்யும் பழக்கம் 1974இல் ‘எர்த்குவேக்’ படத்துக்கான சென்சரவுண்ட் காலத்திலிருந்தே உண்டு. எண்முறையில் இந்தத் தடத்தை டால்பி டிஜிட்டல் 1992இல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தோடு அரங்குகளுக்குக் கொண்டுவந்தது. வீட்டு ரிசீவரில் இந்தத் தடத்தோடு, மற்ற ஒலிபெருக்கிகளால் எழுப்ப முடியாத தாழ்ந்த பகுதியும் வெட்டியெடுத்துச் சப்வூஃபருக்கு அனுப்பப்படுகிறது. வெட்டும் அந்த அதிர்வெண்ணே கிராஸ்ஓவர்.

டிஎச்எக்ஸ் தரம் இதை 80 ஹெர்ட்ஸ் என்று வைத்தது. அதற்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் காது எளிதில் கண்டுகொள்ளாது. தொடங்குவதற்கு 80 நல்ல எண். கைப்பிடி அளவுள்ள சிறிய ஒலிபெருக்கிகள் என்றால் 120க்கோ 150க்கோ உயர்த்த வேண்டியிருக்கும். அப்போது ஆண் குரலின் கீழ்ப்பகுதியும் சப்வூஃபரிலிருந்து வரத் தொடங்கும் என்பதால் பெட்டியைத் திரைக்கு அருகே, முன்பக்கத்தில் வைப்பதே சரி. ரிசீவரின் பட்டியலில் ஒலிபெருக்கிகளை ‘ஸ்மால்’ என்று குறிக்க வேண்டும். தரையில் நிற்கும் உயரமான ஒலிபெருக்கி வைத்திருப்பவர்கள் இந்தச் சொல்லைக் கண்டு மனம் வருந்தி ‘லார்ஜ்’ என்று மாற்றுவதுண்டு. இது அளவைப் பற்றிய சொல் அன்று. பேஸை யார் சுமப்பது என்பதற்கான குறி மட்டுமே. சப்வூஃபரின் முதுகிலும் ஒரு கிராஸ்ஓவர் குமிழ் இருக்கும். ரிசீவர் ஏற்கெனவே வெட்டிவிட்டதால் இதை அதன் உச்ச எண்ணில் வைத்துவிட வேண்டும். இல்லையேல் ஒலி இரண்டு முறை வெட்டப்பட்டு நடுவே ஓர் ஓட்டை விழும்.

அடுத்தது கட்டம். 80 ஹெர்ட்ஸில் சப்வூஃபரும் பிரதான ஒலிபெருக்கியும் இரண்டுமே ஒலிக்கின்றன. இரண்டின் அலைகளும் காதில் ஒரே கட்டத்தில் வந்தால் கூடும். எதிர்க் கட்டத்தில் வந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். 80 ஹெர்ட்ஸ் அலையின் பாதி நீளம் சுமார் 7 அடி. எனவே தூரத்தில் 7 அடி வேறுபாடு இருந்தாலே கூடல் கழித்தலாகிவிடும். இதைச் சரிபார்ப்பது எளிது. கிராஸ்ஓவர் அதிர்வெண்ணில் ஒரு சோதனை ஒலியை ஓடவிட்டு, ஒருவர் இருக்கையில் அமர்ந்து கேட்க, இன்னொருவர் சப்வூஃபரின் கட்டச் சுவிட்சை 0 பாகைக்கும் 180 பாகைக்கும் மாற்றிக் காட்ட வேண்டும். எதில் ஓசை கூடுகிறதோ அதுவே சரி. பேஸ் வலுவிழந்து போனதாகத் தோன்றிய எத்தனையோ அமைப்புகளில் மருந்து இந்த ஒரு சுவிட்சுதான்.

ரிசீவர் தானே அளந்து சப்வூஃபர் 16 அடி தூரத்தில் இருக்கிறது என்று காட்ட, உண்மையில் பெட்டி 9 அடியில் இருக்கலாம். இது கோளாறு அன்று. சப்வூஃபருக்குள் உள்ள வடிகட்டிகளும் மின்னணுச் சுற்றும் சில மில்லி நொடிகள் தாமதப்படுத்துகின்றன. ரிசீவர் அந்தத் தாமதத்தைத் தூரமாக மாற்றிச் சொல்கிறது. அளவு நாடாவை வைத்து அந்த எண்ணைத் ‘திருத்துவது’ அமைந்துவந்த கட்டத்தைக் கெடுத்துவிடும்.

ஒலியளவைப் பொறுத்தவரை, சப்வூஃபரின் குமிழை நடுவில் வைத்து, ரிசீவரின் சோதனை இரைச்சல் மற்ற ஒலிபெருக்கிகளுக்கு எந்த அளவோ அதே அளவில் அமைத்து, அதன் பிறகு விருப்பத்துக்கு 3 அல்லது 4 டெசிபெல் கூட்டிக்கொள்ளலாம். நல்ல பேஸுக்கு ஓர் அடையாளம், படம் ஓடும்போது சப்வூஃபர் இருப்பது மறந்துபோக வேண்டும். அதை அணைத்தால் மட்டுமே ஏதோ குறைந்ததாகத் தெரிய வேண்டும்.

அளத்தலும் திருத்தலும்

காது ஒத்துக்கொள்ளப் பழகிவிடும் என்பதால், ஒரு கட்டத்துக்கு மேல் அளந்து பார்ப்பதே வழி. ‘ரூம் ஈக்யூ விசார்ட்’ என்ற இலவச மென்பொருளும், அளவீடு சரிபார்க்கப்பட்ட ஒரு யுஎஸ்பி மைக்கும் இருந்தால், 15 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை அறை எப்படி நடந்துகொள்கிறது என்பதை மடிக்கணினித் திரையில் வரைபடமாகக் காணலாம். கைபேசிச் செயலிகள் பேச்சுக்காக அமைந்த மைக்கை நம்பியிருப்பதால் தாழ்ந்த அதிர்வெண்களில் குறைத்தே காட்டக்கூடும். இரண்டு இடங்களை ஒப்பிட அவை போதும், உண்மை எண்ணுக்குப் போதாது.

வரைபடத்தில் மலைகளும் பள்ளங்களும் தெரியும். ரிசீவர்களில் வரும் ஆடிஸி, டிராக் லைவ், யமஹாவின் ஒய்பிஏஓ போன்ற தானியங்கித் திருத்தங்கள் மலைகளைச் செதுக்குவதில் திறமையானவை. ஒத்ததிர்வால் எழுந்த முகட்டைக் குறைத்தால், அதோடு ஒட்டிய நீண்ட முழக்கமும் குறைகிறது. பள்ளங்கள் வேறு கதை. ஒன்றையொன்று கழித்துக்கொண்டதால் உண்டான பள்ளத்தில் ஆற்றலைக் கொட்டினால் நேர் அலையும் எதிர் அலையும் ஒரே அளவில் வளரும். கழித்தல் அப்படியே நிற்கும். 6 டெசிபெல் கூட்டினால் பெருக்கி நான்கு மடங்கு ஆற்றலைத் தர வேண்டும். அது வெப்பமாகவும் கூம்பின் தறிகெட்ட அசைவாகவும்தான் வெளிப்படும். பள்ளத்துக்கு மருந்து இடமாற்றம் மட்டுமே. எனவே வரிசை முக்கியம். முதலில் இடம், பிறகு கட்டம், கடைசியில் மின்னணுத் திருத்தம்.

பெரிது ஒன்றா, சிறிது இரண்டா

இந்தக் கேள்விக்கு ஆய்வுகள் தெளிவான விடை தந்திருக்கின்றன. ஹார்மன் நிறுவனத்தில் டாட் வெல்ட்டி 2002இல் வெளியிட்ட ஆய்வு, செவ்வக அறையில் பல இருக்கைகளுக்கும் ஒரேபோன்ற பேஸ் கிடைக்க எத்தனை சப்வூஃபர்கள், எங்கே வேண்டும் என்று ஆராய்ந்தது. எதிரெதிர்ச் சுவர்களின் நடுப்புள்ளிகளில் இரண்டு வைப்பது மிகச் சிக்கனமான ஏற்பாடு. நான்கு வைத்தால் இன்னும் நன்று. அதற்கு மேல் கூட்டுவதில் பெரிய பயனில்லை என்பது அதன் முடிவு.

ஏன் என்பதை மேலே சொன்ன 15 அடி அறையிலேயே பார்க்கலாம். முன் சுவரின் நடுவில் ஒன்றும் பின் சுவரின் நடுவில் ஒன்றும் ஒரே ஒலியை எழுப்புகின்றன. நீளவாக்கின் முதல் ஒத்ததிர்வில் முன் சுவரில் அழுத்தம் ஏறும்போது பின் சுவரில் இறங்க வேண்டும். இரு பெட்டிகளும் ஒரே நேரத்தில் அழுத்துவதால் அந்த ஊசலுக்கு இடமில்லாமல் போகிறது. இரண்டுமே அகலத்தின் நடுவில், அதாவது அகலவாக்கின் சுழியப் புள்ளியில் இருப்பதால் 48 ஹெர்ட்ஸ் ஒத்ததிர்வும் கிளறப்படுவதில்லை. மின்னணுவின் உதவியே இல்லாமல் இரண்டு பெரிய முகடுகள் அடங்கிவிடுகின்றன. ஒரே விலையில் 15 அங்குலம் ஒன்றா, 10 அங்குலம் இரண்டா என்று கேட்டால், மூன்று நான்கு பேர் அமர்ந்து பார்க்கும் கூடத்துக்கு இரண்டே சரியான தேர்வு. தனியொருவர், ஒரே நாற்காலி என்றால் நல்ல இடத்தில் வைத்த ஒன்றே போதும்.

பெட்டிகளைப் பற்றிச் சில

சப்வூஃபர்கள் மூடிய பெட்டி, துளையுள்ள பெட்டி என இருவகைப்படும். துளையுள்ளது தன் அமைவு அதிர்வெண் வரை அதிக ஓசை தரும். அதற்குக் கீழே எண்மத்துக்கு 24 டெசிபெல் என்ற செங்குத்தான சரிவு. மூடியது முன்னதாகவே குறையத் தொடங்கினாலும் எண்மத்துக்கு 12 டெசிபெல் என மெதுவாக இறங்கும். சிறிய, மூடிய அறையில் அறையே கீழ்ப்பகுதியை உயர்த்திக்கொடுப்பதால் இது பொருந்திப்போகும். இந்தக் கணக்குகளுக்கு அடித்தளம் இட்டவர்கள் ஆஸ்திரேலியாவில் பணிபுரிந்த நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால் இருவரும்.

கடைகளில் பெட்டிமேல் பெரிதாக அச்சிடப்படும் ‘பிஎம்பிஓ’ வாட் எண்ணுக்குப் பொருள் இல்லை. பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் வாட்டும், எத்தனை ஹெர்ட்ஸ் வரை எத்தனை டெசிபெல் குறைவுக்குள் ஒலிக்கும் என்ற எண்ணும்தான். பின்னதைச் சொல்லாத பெட்டி அதை மறைக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சலசலப்பும் பஞ்சும்

பேஸ் கெட்டுப்போனதாகத் தோன்றுவதற்குச் சில சமயம் காரணம் சப்வூஃபரே அன்று. ஷோகேஸ் கண்ணாடியும் ஜன்னல் கொக்கியும் பீரோவின் மேலுள்ள எவர்சில்வர் பாத்திரமும்தான். 20 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒலியை ஓடவிட்டு அறையைச் சுற்றி வந்தால் எது எந்த அதிர்வெண்ணில் அதிர்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு துண்டு ரப்பரோ பஞ்சு நாடாவோ போதும். இடைவிடாத ‘ம்ம்’ என்ற ஓசை கேட்டால் அது பெரும்பாலும் மின்நில இணைப்பு வளையத்தால் வருவது. சப்வூஃபரையும் ரிசீவரையும் ஒரே மின்பலகையில் செருகிப் பார்க்க வேண்டும்.

சுவரில் ஒட்டும் ஓர் அங்குல ஸ்பாஞ்சு பேஸை ஒன்றும் செய்யாது. 40 ஹெர்ட்ஸ் அலையின் கால் நீளமே 2 மீட்டருக்கு மேல்; அதன் முன் ஓர் அங்குலம் எம்மாத்திரம்? மூலைகளில் தரையிலிருந்து கூரை வரை தடிமனாக அடுக்கிய கனிமப் பஞ்சு ஓரளவு உதவும். கதவைத் திறந்து வைப்பதும் ஒருவகை உறிஞ்சிதான். ஒலி வெளியே போய்விடும் என்பது மட்டும் குறை.

பக்கத்து வீடு

அந்தக் குறை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சிறியதன்று. தாழ்ந்த ஒலியைச் சுவர் தடுப்பது கடினம். பெட்டிக்கு அடியில் வைக்கும் ரப்பர் மெத்தை, தரை வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கும் அதிர்வை மட்டுமே குறைக்கும். காற்றின் வழியாகச் செல்வது அப்படியே செல்லும். சமன் செய்யப்பட்ட பேஸுக்கு இங்கே ஒரு கூடுதல் பயன் உண்டு. பக்கத்து வீட்டுக்காரரை எழுப்புவது பெரும்பாலும் அறையின் ஒத்ததிர்வால் முழங்கும் ஓரிரு அதிர்வெண்களே. அவற்றைச் செதுக்கிவிட்டால், கேட்பவருக்கு எதுவும் குறையாமலே அடுத்த வீட்டில் ஓசை இறங்கும். இருக்கைக்கு மிக அருகில், சோபாவின் பின்னாலேயே சப்வூஃபரை வைத்து ஒலியளவைக் குறைப்பது இன்னொரு வழி. இரவில் ரிசீவரின் ‘நைட் மோட்’ திடீர் வெடிகளை அமுக்கும்.

இந்தியாவின் ஒலி மாசு விதிகள், 2000, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் என்று வரம்பு வைத்துள்ளன. இவை காதின் இயல்புக்கேற்ப எடையிட்ட ‘ஏ’ அளவுகள். இந்த அளவுகோல் 63 ஹெர்ட்ஸ் ஒலியில் 26 டெசிபெல்லையும், 31.5 ஹெர்ட்ஸ் ஒலியில் 39 டெசிபெல்லையும் கழித்துவிடுகிறது. உண்மையில் 80 டெசிபெல் உள்ள 31.5 ஹெர்ட்ஸ் முழக்கம் அந்த மீட்டரில் 41 என்றே தெரியும். வரம்புக்குள்தான் இருக்கிறது, ஆனால் சுவருக்கு அப்பால் படுத்திருப்பவருக்கு அது தெளிவாகக் கேட்கும்.